பேன் இல்லாத தலை

எங்கள் தெருக்காரர்கள் வாரத்தில் ஆறு நாள் குரங்குகளுக்கு எதிரிகள், ஒரு நாள் பக்தர்கள். சனிக்கிழமை காலையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மாடியேறி ஆஞ்சநேயரை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற அதே ஆள்தான் ஞாயிற்றுக்கிழமை கல்லோடு நிற்பார். ஏழரைச் சனிக்குக் குரங்கு வேண்டும், வடாம் காயப்போட்ட அன்றைக்கு அது ஊரைவிட்டே போய்விட வேண்டும். இதில் யாருக்கும் கூச்சமில்லை. நான் பழமும் போட்டதில்லை, கல்லும் எறிந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு பக்திக்கும் பகைக்கும் என்னிடம் தெம்பு மிச்சமில்லை. ஜன்னலில் நின்று பார்ப்பேன், அவ்வளவுதான்.

திருநகரில் இந்த வீட்டை அப்பா மில் வேலை பார்த்துக் கட்டினார். கீழ்வீடு தங்கைக்கு, மாடி எனக்கு என்று எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மாடியில் பாதி வீடு, பாதி வெட்டவெளி. என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அந்த வெட்டவெளி. பரங்குன்றம் மலைப்பக்கமிருந்து வருகிற குரங்குக் கூட்டம் மத்தியானச் சாப்பாட்டு நேரம் கழிந்ததும் அங்கேதான் இளைப்பாறும். கீழே என் தங்கை இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் கோரிப்பாளையத்தில் கடை வைத்திருக்கிறார், காலையில் போனால் இரவுதான் வருவார். ஆக, பகல் முழுக்க இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசி நான்கு வருடமாகிறது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிள்ளை குட்டி இல்லை. அவள் ஒருமுறை என்னை "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டால் போதும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். இப்படி எழுத வெட்கமாக இல்லை. வெட்கப்பட்டிருக்க வேண்டிய இடம் வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் குரங்கு. எங்கள் பக்கத்துக் குரங்குக்கு உச்சந்தலையில் நடுவகிடு உண்டு. யாரோ உட்காரவைத்துப் படிய வாரிவிட்ட மாதிரி முடி இரண்டு பக்கமும் பிரிந்து கிடக்கும். யாரும் வாரிவிடவில்லை, பிறவியிலேயே அப்படி. ஆனால் நாள் முழுக்க ஒன்று மற்றொன்றின் மயிரைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருப்பதைக் கண்டால், வகிடும் அப்படித்தான் வந்திருக்கும் என்று தோன்றிவிடும். தின்கிற நேரம் போக அதுகளுக்கு இதுதான் வேலை. ஒன்று உட்கார்ந்திருக்கும். இன்னொன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் மயிரை ஒதுக்கி, மறுகையின் இரண்டு விரலால் எதையோ எடுத்து வாயில் போடும். பார்க்கிறது கண்ணைச் சுருக்கிக்கொண்டு கவனமாகப் பார்க்கும். பார்க்கப்படுகிறது கண்ணை மூடிக்கொண்டு, கை காலை எங்கேயாவது போட்டுவிட்டு, எலும்பே இல்லாதது மாதிரி சரிந்து கிடக்கும்.

பேன் எடுக்கிறது என்று நாம் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆறேழு அடி தூரத்திலிருந்து நாள்கணக்காகப் பார்த்த பிறகு சொல்கிறேன், பாதி நேரம் அங்கே பேனே கிடையாது. காய்ந்த பொருக்கு, தோல் செதில், அதுவும் இல்லாவிட்டால் வெறும் விரல். எடுக்க ஒன்றுமில்லாத முதுகையும் முக்கால் மணி நேரம் பார்க்கும். ஆபீஸில் இப்படி ஒரு ஆள் ஒரே கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தால் நான் மெமோ கொடுத்திருப்பேன்.

அதுகள் சாதுக்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. கூட்டத்தில் பெரிய பொம்பளைக் குரங்கு ஒன்று, ஒரு காது கிழிந்தது. அதற்குப் பேன் பார்க்கத்தான் எல்லாம் முண்டியடிக்கும். நாளைக்கு ஒரு சண்டை என்றால் அது நம் பக்கம் நிற்க வேண்டுமே! புதிதாகக் குட்டி போட்டவளுக்கும் திடீர் மவுசு வரும். அவள் முதுகைச் சொறிந்துகொண்டே மெல்லக் கையை நீட்டிக் குட்டியைத் தொட்டுப் பார்க்கும் மற்றதெல்லாம். எங்கள் சொந்தத்திலும் பிள்ளை பெற்றவளைப் பார்க்க வருகிறவர்கள் இப்படித்தான். அதையெல்லாம் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. வேறொன்றைப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. இரண்டு குரங்குகள் கடித்துக் குதறிக்கொண்டன, ஒன்றின் தோளில் ரத்தம். கால் மணி நேரம் ஆகவில்லை. கடித்தது தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தது. அடிபட்டது பல்லைக் காட்டவில்லை, ஓடவும் இல்லை. கடித்த வாயாலேயே அந்தத் தோள் மயிரை ஒதுக்கிச் சுத்தம் செய்ய ஆரம்பித்தது கடித்த குரங்கு.

கால் மணி நேரம்! எங்களுக்கு நான்கு வருடம்.

எங்கள் வீட்டிலும் பேன் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புழக்கடைப் படியில் ரயில் பெட்டி மாதிரி உட்காருவோம். மேல்படியில் அம்மா, நடுவில் நான், கீழ்ப்படியில் தங்கை. அம்மா என் தலையைப் பார்ப்பாள், நான் தங்கை தலையைப் பார்ப்பேன். எனக்கு அது வேலை. எத்தனை எடுத்தேன், எத்தனை நசுக்கினேன் என்பதுதான் பேச்சு. முடியை வெடுக்வெடுக்கென்று இழுப்பேன். "அக்கா, வலிக்குதுக்கா" என்று அவள் நெளிவாள், நெளிந்தால் மண்டையில் ஒரு குட்டு. என்னிடமிருந்து தப்பினதும் அவள் சுற்றிக்கொண்டு ஓடி மேல்படிக்குப் போவாள். அம்மாவின் பின்னால் உட்கார்ந்து, அந்தப் பெரிய கொண்டையை அவிழ்த்து, அவளுடைய சின்ன விரல்களால் அலசிக்கொண்டே இருப்பாள். அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். வாரம் முழுக்க அம்மா கண்ணை மூடி நான் பார்த்தது அந்த ஒரு நேரம்தான்.

பிறகு மருந்து வந்தது. இரண்டு தடவை தேய்த்துக் குளித்ததில் வீட்டில் ஒரு பேன்கூட மிச்சமில்லை. எனக்கு விடுதலை. தங்கை மட்டும் ஞாயிற்றுக்கிழமையானால் தலையைச் சொறிந்துகொண்டு அம்மாவிடம் போவாள். அம்மாவும் பிரித்துப் பார்த்து, "ஆங், ஒண்ணு கெடக்கு" என்று இரண்டு நகத்தையும் சேர்த்துச் சொடுக்குவாள். வெறும் நகம். "ஒண்ணுமே இல்ல, ரெண்டு பேரும் நடிக்கிறீங்க" என்று நான் கத்துவேன். பேனைப் பெருமாளாக்குகிறவர்கள் உண்டு, இவர்கள் இல்லாத பேனையே ஆக்கினார்கள். அம்மா என்னைப் பார்த்து, "நீயும் வந்து உக்காரேன்டி" என்பாள். எனக்குப் படிக்கிற வேலை இருந்தது.

படித்தேன். ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து சூப்பிரண்டாக ஓய்வு பெற்றேன். என் மேசையில் எந்தக் கோப்பும் மறுநாள் வரை தங்காது என்று பேர். அந்தப் பேரால் நான் எவ்வளவு கொழுத்துப்போயிருந்தேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. பேச்சு குழறிவிட்டது. கீழ்வீட்டில் தங்கைதான் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மலம் அள்ளுவது எல்லாம் அவள். நான் மாடியிலிருந்து காலையும் மாலையும் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த வயதிலும் அம்மாவுக்கு இடுப்பு வரை முடி, முழுக்க நரை. தினமும் மூன்று மணிக்குத் தங்கை சீப்பும் எண்ணெயுமாகக் கட்டிலில் ஏறி உட்காருவாள். அவள் உட்கார்ந்த சத்தம் கேட்டதும் அம்மா நல்ல கையை ஊன்றி, முக்கி முனகி, சுவர்ப் பக்கம் திரும்பிப் பின்தலையைக் காட்டுவாள். ஒரு மணி நேரம் ஆகும். "இம்புட்டு முடிய வச்சுக்கிட்டு எதுக்குடி இந்தப் பாடு?" என்று நான் கேட்பேன். தங்கை வாரிக்கொண்டே இருப்பாள். அவள் எப்போதுமே என்னோடு வாதாடினதில்லை.

அவள் மகளுக்குக் கோயம்புத்தூரில் இரண்டாவது பிரசவம். போயே ஆக வேண்டும். மூன்று வாரத்துக்கு அம்மாவை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "எல்லாம் உனக்குத் தெரியும்க்கா. மூணு மணிக்கு மட்டும் அம்மா தலைய வாரி விட்டுரு. இல்லைன்னா அது தூங்காது. போயிட்டு வாரேன்."

முதல் நாள் வாரினேன். இரண்டாம் நாளும் வாரினேன். மூன்றாம் நாள் சிக்கு விழுந்திருந்தது. அம்மா படுக்கையிலேயே தலையை உருட்டுகிறவள், ஒரு நாள் சரியாகப் பிரிக்காவிட்டால் மறுநாள் பஞ்சாகத் திரண்டுவிடும். நான் இழுத்தேன், அம்மா முனகினாள். நான் சத்தம் போட்டேன், அம்மா அழுதாள். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. திருமங்கலம் ரோட்டில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிற பெண்ணைப் போனில் கூப்பிட்டேன். அவள்கூடத் தயங்கினாள். "அம்மாவக் கேட்டீங்களாக்கா?" என்றாள். "அவங்களுக்கு என்ன தெரியும், வெட்டு" என்றேன். பத்து நிமிடம். ஆம்பளைப் பையன் கிராப். தலை லேசாகி, கழுத்துப் புண் தெரிந்து, மருந்து போட வசதியாக இருந்தது. ஒரு பெரிய கோப்பை முடித்த திருப்தி எனக்கு.

அம்மா நல்ல கையைத் தூக்கித் தலையைத் தடவினாள். பிறகு தலையணையைத் தடவினாள், கீழே விழுந்துகிடக்கிறதோ என்று தேடுகிற மாதிரி.

இத்தோடு நின்றிருந்தாலும் தங்கை என்னை மன்னித்திருப்பாள் என்று நினைக்கிறேன். மறுநாள் தெருவில் பைக்கில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு முடி வாங்குகிறவர் வந்தார். "சவுரி முடி, உதிர்ந்த முடி, பழைய முடி எடுக்கிறோம், முடிக்குப் பாத்திரம் கொடுக்கிறோம்." எங்கள் தெருப் பெண்கள் சீப்பில் சிக்கின முடியைச் சுருட்டிச் சுருட்டிப் பையில் சேர்த்துவைத்து அவரிடம்தான் போடுவார்கள். இதில் ஒரு தப்பும் இல்லை, எல்லோரும் செய்வதுதான். ஒரு பொருளை வீணாகத் தூக்கிப் போட எனக்கு மனம் வராது. அம்மாவின் முடியை ஒரு பையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவர் தராசில் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நரை முடிக்கு இம்புட்டுத்தான்க்கா. கருப்புன்னா குடமே குடுத்துருப்பேன்." மூடி போட்ட சின்ன எவர்சில்வர் சம்படம் ஒன்று கொடுத்தார். நான் பேரம் பேசினேன். ஆமாம், பேசினேன். இன்னும் கொஞ்சம் பெரிய சம்படமாக வாங்கினேன். அதில் அம்மாவின் மாத்திரைகளைப் போட்டுக் கட்டில் பக்கத்தில் வைத்தேன்.

தங்கை திரும்பி வந்தாள். வாசலில் பையை வைத்துவிட்டு நேராக அம்மாவிடம் போனாள். நின்றாள். கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கிராப்புத் தலையில் கையை வைத்தாள். மாத்திரை நேரம் வந்ததும் சம்படத்தை எடுத்துப் பார்த்து, "இது ஏது, புதுசா இருக்கு?" என்றாள். நான் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், பேரம் பேசினதையும் சேர்த்து.

அவள் மாத்திரைகளை எடுத்து மேசையில் வைத்தாள். சம்படத்தைக் கழுவித் துடைத்து மாடிப்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

இரண்டு மாதத்தில் அம்மா போய்விட்டாள். எங்களில் சாவு வீட்டில் குளிப்பாட்டும் முன் பெண்மக்கள் ஒவ்வொருவராக வந்து தலையில் புறங்கையால் எண்ணெய் சீயக்காய் வைக்க வேண்டும். மூத்தவள் நான், முதலில் நான்தான் போக வேண்டும். போனேன். எண்ணெய்க் கிண்ணம் தங்கை கையில் இருந்தது. அவள் அதை எனக்கு நீட்டவில்லை. அத்தனை சொந்தக்காரப் பெண்கள் சுற்றி நிற்க, என்னைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்துச் சொன்னாள். "அவ வைக்க வேணாம். அந்தத் தலைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் அவ முன்னாலயே செஞ்சுட்டா."

யாரும் அவளைக் கண்டிக்கவில்லை. நான் பின்னால் நகர்ந்து நின்றேன். அதற்கப்புறம் தண்ணீர் மோட்டார் போட வேண்டுமா, கரண்ட் பில் யாருடையது என்பதெல்லாம் அவள் வீட்டுக்காரர் வழியாகத்தான். "மதினி, நாளைக்கு டேங்க் கழுவணுமாம்" என்பார் பாவம், படியில் நின்றுகொண்டே. தீபாவளிக்கு நான் கொடுத்தனுப்பிய பலகாரம் இரண்டு வருடம் அப்படியே திரும்பி வந்தது. மூன்றாம் வருடம் நான் கொடுத்தனுப்பவில்லை. எனக்கும் ரோஷம் இருந்தது. "என்ன பெருசா செஞ்சுட்டேன்? முடிதானே, உயிரையா எடுத்தேன்?" என்று தனியாக இருக்கும்போது பாத்திரங்களிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

அந்த ரோஷத்தைக் குரங்குதான் உடைத்தது. போன வருடம் ஒரு மத்தியானம். வயதான குரங்கு ஒன்று, கூட்டத்தில் யாரும் அதிகம் சீண்டாதது, ஒரு இளசின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அது குரல் கொடுக்கவில்லை, கையை நீட்டவில்லை. மெல்லத் திரும்பி, முதுகைக் காட்டி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. அதுதான் கேட்கிற முறை. எனக்குக் கொஞ்சம் பார்த்துவிடு என்று அதுகள் கேட்பது அப்படித்தான், நான் நூறு தடவை பார்த்ததுதான். இளசு எழுந்து போய்விட்டது. கிழம் அப்படியே உட்கார்ந்திருந்தது, யாரோ வருவார்கள் என்று. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் முதுகைக் காட்டிக்கொண்டது.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முடி வெட்டின பிறகு அந்த மூன்று வாரத்தில் மீதி இருந்த ஒவ்வொரு நாளும், மூன்று மணி சுமாருக்கு, நான் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததும், அம்மா முக்கி முனகிச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். முடி இல்லாத பின்தலையை எனக்குக் காட்டினாள். நான் என்ன நினைத்தேன்? முடி போன கோபத்தில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். "கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பினாள். நான் பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

முடி இருந்தால்தான் என்றில்லை. பேன் இருந்தால்தான் என்றும் இல்லை. அந்தத் தலையில் ஒரு விரல் பட்டிருந்தால் போதும். அறுபது வயதுக்கு மேல் இதை ஒரு குரங்கிடமிருந்து கற்றுக்கொண்டேன். அன்றைக்கு அழுதேன். அழுது என்ன? கீழே போய்த் தங்கையிடம் சொல்லிவிட வேண்டும் என்று நான்கைந்து தடவை படியிறங்கிப் பாதியில் திரும்பி வந்தேன். சொன்னால் அவளுக்கு இன்னும் வலிக்கும் என்பது ஒரு சாக்கு. பயம் என்பதுதான் நிஜம்.

இந்த வைகாசியில் அது நடந்தது. கூட்டத்தில் முதல் பிரசவக்காரி ஒருத்தி, குட்டிக்கு இரண்டு மாதம்கூட இருக்காது. தெருமுனை மின்கம்பத்தில் குட்டி கம்பியைப் பிடித்துவிட்டது. சத்தம்கூட இல்லை, கீழே விழுந்து கிடந்தது. தாய் இறங்கி வந்து எடுத்துக்கொண்டு நேராக எங்கள் மாடிக்கு வந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து குட்டியை மடியில் கிடத்தி, மயிரை ஒதுக்கி ஒதுக்கிப் பேன் பார்க்க ஆரம்பித்தது. கை, கால், காது மடல், விரல் இடுக்கு என்று ஒன்று விடாமல் பார்த்தது. ஈ மொய்த்தால் விரட்டியது. அசையாத கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கீழே வைத்துவிட்டு, மறுபடியும் மயிரைப் பிரித்தது. இரண்டாம் நாள் காது கிழிந்த பெரிய குரங்கு வந்து தாயின் பின்னால் உட்கார்ந்து அதன் முதுகைப் பார்க்கத் தொடங்கியது. தாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது பாட்டுக்குப் பார்த்தது.

மூன்றாம் நாள் நாற்றம் எடுத்தது. தெருச் சங்கத்துச் செயலாளர் நீளக் கம்போடு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். சனிக்கிழமை தவறாமல் பழம் கொடுக்கிறவர். "மேடம், நாத்தம் தாங்கல. வீட்டுக்கு ஆகாது, பீடை. கம்பால தட்டிவிட்டுட்டு எடுத்துப் போட்டுர்றோம். பத்து நிமிசம்தான்" என்றார்.

பத்து நிமிடம் என்ற சொல்தான் எனக்குச் சுருக்கென்றது. நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "யாரும் மாடிக்குள்ள வரக் கூடாது. அது தானாக் குட்டியக் கீழ போடும். அம்புட்டு நாத்தம்னா ஜன்னலச் சாத்திக்கங்க" என்றேன்.

"என்ன மேடம், செத்ததை வச்சு அது என்ன செய்யப் போகுது?"

"என்னமோ செய்யுது. உங்களுக்கு என்ன? கெளம்புங்க அண்ணே." என் குரல் ஆபீஸில் எழும்பின அளவுக்கு எழும்பியது. அவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார், கம்பு ஆளும் போனான். மாடிப்படி தங்கையின் சமையலறை ஜன்னலை ஒட்டித்தான் போகிறது. எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கேட்கட்டும் என்றுதான் கொஞ்சம் உரக்கவே கத்தினேன். நான் மாறிவிட்டேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

சிறிது நேரத்தில் படியில் மெட்டிச் சத்தம் கேட்டது. நான்கு வருடத்தில் அவள் மாடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஏறி வந்து, என்னைத் தாண்டி இரண்டடி தள்ளி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை நன்றாக நரைத்திருந்தது. இந்த நான்கு வருடத்தில் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லை, எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அந்தத் தாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குட்டி காய்ந்து சுருங்கிப்போயிருந்தது. தாய் அதன் உச்சந்தலையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. தங்கையின் கண் நிறைந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள், ஆனால் போகவில்லை.

நான் பேசியிருக்க வேண்டும். தப்பு செஞ்சுட்டேன்டி என்று இரண்டு சொல். ஆயிரம் கோப்புகளுக்குக் குறிப்பு எழுதினவளுக்கு அந்த இரண்டு சொல் வரவில்லை. வாயைத் திறந்தால் சாக்குத்தான் வரும் என்று எனக்கே தெரிந்தது. அதனால் வேறொன்று செய்தேன். என்ன நினைத்துச் செய்தேன் என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. கதவு நிலைப்படியில், அவள் காலுக்குப் பக்கத்தில், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கிளிப்பைக் கழற்றினேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் எனக்குப் பின்னால் நின்றாள். அவள் மூச்சு எனக்குக் கேட்டது. என் தலையை ஒரு மனிதக் கை தொட்டு எத்தனை காலமாயிற்று என்று எனக்கே தெரியாது. பிடரியில் மயிர்க்கால் கூசியது. இதோ தொடப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அம்மாவும் இப்படித்தான உனக்குத் திரும்பிப் படுத்துருக்கும்?" என்றாள்.

நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கு யாரும் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அம்மா தினமும் மூன்று மணிக்கு என்ன செய்வாள் என்பது அவளுக்குத் தெரியாதா? அந்த மூன்று வாரமும் அம்மா யாருக்குப் பின்தலையைக் காட்டியிருப்பாள், பதிலுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று இந்த நான்கு வருடமும் அவள் கீழே உட்கார்ந்து நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"ஆமாடி" என்றேன். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மெட்டிச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கிப் போயிற்று. கீழே கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. ஓங்கி அறைந்திருந்தால்கூட எனக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்கும். மெதுவாகத்தான் சாத்தினாள்.